பழைய சைக்கிள்: அவசரப்பட்டு உடைத்தவை, பொறுத்திருந்து கழற்றியவை

பெரியப்பாவின் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே பன்னிரண்டு வருஷம் சாய்ந்து கிடந்தது. கறுப்பு நிறம், 28 அங்குலச் சக்கரம், தோல் சீட்டு, கேபிளுக்குப் பதிலாகக் கம்பியால் இழுக்கிற பிரேக். அதைத் திரும்ப ஓட வைக்கட்டுமா என்று கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. மேலே கிடந்த சாக்கை எடுத்து ஓரமாகப் போட்டார், ஹேண்டில்பாரைப் பிடித்து நிமிர்த்தினார், "எடுத்துக்கோப்பா" என்றார். வண்டி எனக்கு இலவசம். ஆனால் அதைச் சரிசெய்து முடித்தபோது ஆன செலவு நான் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு.

எதற்குப் போனது இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பாதிக்கு மேல், துரு தின்ற பாகங்களுக்கு இல்லை. நானே உடைத்த பாகங்களுக்கு. இடது பெடலைத் தப்பான பக்கம் திருகி, பெடல் பொருந்தும் இரும்புக் கையான கிராங்கின் மரையைக் கெடுத்தேன். கிராங்கைப் பிணைக்கும் ஆணியான காட்டர் பின்னைச் சுத்தியலால் அடித்து நாசமாக்கினேன். ஸ்போக்ஸ் கம்பியை ரிம்மில் இறுக்கும் சின்ன நட்டான நிப்பிளை, அது இறுகிப்போயிருந்தும், எண்ணெய் விடாமல் திருகி மூன்று கம்பிகளை முறித்தேன். அதற்குப் பிறகு நான்கு பழைய வண்டிகளை எடுத்து ஓட வைத்திருக்கிறேன். நான்கில் எதற்கும் அந்த முதல் வண்டிக்கு ஆன அளவு செலவாகவில்லை. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்த வண்டியை எடுக்கலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பது. பெயின்ட் உரிந்திருப்பது, குரோமில் புள்ளி புள்ளியாகத் துரு, வெடித்த டயர், கிழிந்த சீட்டு இவற்றைப் பார்த்து ஒதுக்க வேண்டாம். ஃபிரேமைப் பாருங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் தலைக்குழாயில் மேல் பாரும் கீழ்க்குழாயும் வந்து சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் விரலால் தடவுங்கள். அங்கே பெயின்ட் சுருங்கி அலை மாதிரி எழும்பியிருந்தால், வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது என்று அர்த்தம். குழாய் மடங்கிய வண்டி இலவசமாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். பற்றவைத்த இடங்களில் தலைமுடி அளவுக்குக் கீறல் தெரிந்தாலும் அப்படித்தான்.

பின்பக்கம் கோணலா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின்சக்கர ஆக்ஸில் உட்காரும் பிளவில் நூலைக் கட்டி, முன்னே கொண்டுபோய்த் தலைக்குழாயைச் சுற்றி, மறுபக்கப் பிளவில் இழுத்துக் கட்டுங்கள். ஃபிரேமில் சீட்டு இறங்கும் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் ஃபிரேம் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது. நான் மூன்றாவதாக எடுக்க இருந்த வண்டியை இந்த நூல் பார்த்துத்தான் விட்டேன். பார்க்க அவ்வளவு அழகான வண்டி அது. மனசு கேட்கவில்லை, ஆனாலும் விட்டேன்.

அடுத்தது காசை எந்த வரிசையில் செலவு செய்வது. பெரியப்பா வண்டிக்கு நான் முதலில் வாங்கியது பெயின்ட், புது மணி, புதுக் கைப்பிடி உறை. வண்டி பளபளவென்று நிற்கிற காட்சி மனதுக்குள் வந்துவிட்டது. சக்கரத்தைத் திறந்து பார்த்தபோது, பால்ரஸ் என்னும் சின்ன எஃகு உருண்டைகள் ஓடும் கூம்பான கோன் முழுக்கக் குழி விழுந்திருந்தது, கையில் காசில்லை. அதனால் இப்போது என் வரிசை இது: பிரேக், டயர், டியூப் முதலில், அப்புறம் பால்ரஸ், கோன், அப்புறம் செயின், பெயின்ட்டும் மணியும் கடைசியில். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத வண்டிக்கு வேறு எதைச் செய்தும் பயனில்லை.

இன்னொன்று, வண்டியை ஒரே நாளில் மொத்தமாகப் பிரிக்காதீர்கள். பிரிப்பதற்கு இரண்டு மணி நேரம் போதும், சேர்ப்பதற்கு வாரக்கணக்கில் ஆகும், நடுவில் எந்த வாஷர் எங்கே இருந்தது என்பது மறந்துபோகும். மூட்டையில் கட்டிவைத்த பாகங்களாகவே காலம் முடிந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். முன்சக்கரத்தை எடுத்தால் அதைப் பிரித்து, கழுவி, கிரீஸ் வைத்து, மாட்டி முடித்த பிறகுதான் பின்சக்கரத்தைத் தொட வேண்டும். கழற்றுவதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய நட்டு, வாஷர், கோன் எல்லாவற்றையும் அதே வரிசையில் ஒரு கம்பியில் கோத்து வைத்தால் குழப்பமே வராது.

இனி, உடைக்காமல் கழற்றுவது. வருஷக்கணக்காக அசையாத நட்டுக்குப் பலத்தைவிட நேரம்தான் தேவை. துரு இளக்கும் எண்ணெயை மரை தெரியும் இடத்தில் சில சொட்டு விட்டு, ஸ்பேனரின் பின்புறத்தால் லேசாகத் தட்டிவிட்டுப் போய்விடுங்கள். மறுநாள் மறுபடி சில சொட்டு. மூன்றாம் நாள் ஸ்பேனர் போடுங்கள். அப்படியும் வராவிட்டால் கொஞ்சம் இறுக்கும் பக்கம் அசைத்துவிட்டு அப்புறம் தளர்த்துங்கள். துருவின் பிடி அங்கேதான் விடும். வாய் தேய்ந்த ஸ்பேனரும், பல்லிளிக்கிற அட்ஜஸ்டபிள் ஸ்பேனரும் நட்டின் மூலையை மழுக்கிவிடும். கருவியில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். நிறைய வேண்டியதில்லை: பெடலுக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பேனர், கோனுக்கு மெல்லிய ஸ்பேனர், நிப்பிள் சாவி, ஆக்ஸில் நட்டுக்குச் சரியான அளவில் ஒன்று. இவ்வளவு இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும்.

பெடல் விஷயத்தில் நான் செய்த தப்பை யாரும் செய்ய வேண்டாம். வலது பெடலுக்குச் சாதாரண மரை, இடது பெடலுக்கு எதிர்மரை. மிதிக்கும்போது கால் தரும் அழுத்தம் பெடல் ஆக்ஸிலைச் சுற்றிச் சுற்றி வருவதால், அந்த ஆக்ஸில் கிராங்குக்குள் மெல்ல மெல்லத் திரும்பப் பார்க்கும். இரண்டு பக்கமும் ஒரே மரையாக இருந்தால் இடது பெடல் ஓட ஓடக் கழன்று விழும். எதிர்மரை வைத்தது அதற்குத்தான். இடது வலது யோசிக்காமல் ஞாபகம் வைக்க ஒரு வழி உண்டு: ஸ்பேனர் பெடலுக்கு மேலே நிற்கும்படி மாட்டி, அதன் கைப்பிடியைப் பின்சக்கரத்தைப் பார்த்துத் தள்ளினால் எந்தப் பெடலும் கழலும், முன்சக்கரத்தைப் பார்த்துத் தள்ளினால் இறுகும். நான் கிராங்கைக் கெடுத்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, பல வருஷம் சைக்கிள் வேலை செய்த பக்கத்து வீட்டுப் பெரியவர் இதைச் சொன்னார். "பலத்தைப் போடுறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம்னு கேளுங்க தம்பி. கேட்கிறதுக்குக் காசில்லை." அன்றிலிருந்து எதைத் திருப்பும் முன்னும் ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறேன்.

காட்டர் பின் இன்னும் பொல்லாதது. பழைய வண்டிகளில் கிராங்கை ஆக்ஸிலோடு பிணைப்பது ஒரு பக்கம் சரிவாகச் சீவிய இந்த ஆணிதான். நட்டை முழுக்க எடுத்துவிட்டு மரை மேல் சுத்தியலால் அடித்தால், முனை விரிந்து ஓட்டைக்குள் சிக்கிக்கொள்ளும். நான் அதைத்தான் செய்தேன். பிறகு துளைபோட்டு எடுக்க வேண்டியதாயிற்று. சரியான முறை இதுதான். இரண்டு மூன்று நாள் எண்ணெயில் ஊறட்டும். நட்டைக் கழற்றிவிடாமல், மரை முனையும் நட்டின் மேல்முகமும் ஒரே மட்டத்தில் வரும்வரை தளர்த்துங்கள். கிராங்குக்கு அடியில், பின்னின் தலை நுழையும் அளவுக்கு ஓர் இரும்புக் குழாயை நிமிர்த்தித் தரைவரை முட்டுக் கொடுங்கள். இந்த முட்டு முக்கியம். அது இல்லாவிட்டால் அடி முழுவதும் உள்ளே இருக்கும் பால்ரஸ் மீது இறங்கி, அவை உட்காரும் கிண்ணம் போன்ற கப்பில் குழி விழும். முட்டு நன்றாக நின்ற பிறகு, பத்துத் தட்டு தட்டுவதற்குப் பதில் கனமான சுத்தியலால் ஒரே நேர் அடி. சின்னச் சின்னதாகத் தட்டத் தட்டத்தான் முனை விரிகிறது. பின்னை அழுத்தி வெளியே தள்ளும் கருவி யாரிடமாவது இருந்தால் அடியே வேண்டாம், இரவல் கேளுங்கள்.

புதுப் பின் மாட்டும்போது இரண்டும் எதிரெதிராக இருக்க வேண்டும்: ஒரு பக்கம் நட்டு மேலே பார்த்தால் மறுபக்கம் கீழே. இல்லாவிட்டால் இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்காது. புதுப் பின் இடத்தில் உட்காரச் சில நாள் பிடிக்கும். முதல் ஓட்டம் முடிந்ததும் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை நட்டை இறுக்குங்கள். தளர்ந்த பின்னோடு ஓட்டினால் பின் மட்டுமில்லை, கிராங்கும் ஆக்ஸிலும் சேர்ந்து தேயும்.

வண்டியைப் பிரித்துக் கழுவி, கிரீஸ் வைத்து மாட்டுவதை ஓவராயில் என்று சொல்கிறோமே, அதில் எனக்குப் பிடித்த வேலை பால்ரஸ். கையெல்லாம் கிரீஸ் ஆகும், நேரம் போவது தெரியாது. சக்கரத்தைத் திறந்ததும் பழைய கிரீஸ் கறுத்து மெழுகு மாதிரி இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவுங்கள், காற்றோட்டமான இடத்தில், அடுப்பு விளக்கு பக்கத்தில் இல்லாமல். கழுவிய பிறகு கோனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பால்ரஸ் ஓடிய தடம் வழவழப்பாக ஒரு கோடாக இருந்தால் நல்லது. குண்டூசியால் குத்தியது போல் குழிகள் இருந்தால் கோனை மாற்ற வேண்டும். பெரும்பாலும் முதலில் கெடுவது கோன்தான். கப்பு அதைவிட நாள் தாங்கும். நல்லவேளையாகக் கோன் தனியாகக் கிடைக்கும். பால்ரஸை மட்டும் ஒன்றிரண்டு மாற்றுவது கூடாது. ஒரு பக்கம் எடுத்தால் அந்தப் பக்கம் மொத்தமும் புதிதாகப் போடுங்கள், சைக்கிள் பாகங்களிலேயே மிக மலிவானவற்றில் அது ஒன்று.

அளவு பற்றி: பெரும்பாலான வண்டிகளில் முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 10, அளவு 3/16 அங்குலம். பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9, அளவு 1/4 அங்குலம். கிராங்க் ஆக்ஸிலில் பக்கத்துக்கு 11, அதுவும் 1/4 அங்குலம். உங்கள் வண்டியில் இருப்பதை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுதாக நம்பாதீர்கள். முன்பு திறந்தவர் ஒன்றைத் தொலைத்திருக்கலாம். கப்பில் கிரீஸை அப்பி, பால்ரஸை வட்டமாகப் பதித்து, கடைசியில் ஒன்று நுழைவதற்குக் கொஞ்சம் குறைவான இடம் மிச்சம் இருந்தால் கணக்குச் சரி. திணித்து அடைத்தால் உருளாது.

கோனை இறுக்குவதில் கைப்பழக்கம் வேண்டும். விரலால் கோனைத் தொடும்வரை திருகி, கால் சுற்றுத் தளர்த்தி, மேலே இருக்கும் பூட்டு நட்டை இறுக்குங்கள். பூட்டு நட்டு இறுகும்போது கோனும் சேர்ந்து கொஞ்சம் இறுகும், அதனால் ஒரே தடவையில் சரியாக வராது. ஆக்ஸிலை இரண்டு விரலால் சுற்றினால் மணல் அரைப்பது போல் இருந்தால் இறுக்கம் அதிகம். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் டக் டக் என்றால் தளர்வு. இரண்டும் இல்லாத இடம் ஒன்று உண்டு. முதல் தடவை அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது. சக்கரத்தைச் சுற்றிவிட்டேன்; அது மெல்ல மெல்ல வேகம் குறைந்து, வால்வு இருக்கும் கனமான பக்கம் கீழே வந்து, ஊஞ்சல் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடி நின்றது. பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்னொரு தடவை சுற்றச் சொன்னார்.

சக்கரத்தின் கோணலைச் சரிசெய்வதை, அதாவது பெண்டு எடுப்பதை, பலர் பெரிய வித்தை என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். சின்னக் கோணலை வீட்டிலேயே எடுக்கலாம். முதல் நாளே ஒவ்வொரு நிப்பிளிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிடுங்கள். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு குச்சியைக் கட்டி, சக்கரத்தைச் சுற்றினால் ரிம் எங்கே குச்சியை உரசுகிறதோ அங்கே கோணல். ரிம் வலது பக்கம் விலகியிருந்தால், அந்த இடத்தில் இடது பக்கத்திலிருந்து வரும் கம்பியைக் கால் சுற்று இறுக்குங்கள், வலது பக்கக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒருபோதும் வேண்டாம். சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், மறுபடி கால் சுற்று. கம்பிகளை விரலால் மீட்டிப் பாருங்கள்: ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. எட்டு மாதிரி வளைந்த ரிம்மோடு மட்டும் மல்லுக்கட்டாதீர்கள், ரிம்மை மாற்றிவிடுங்கள்.

டயர் வாங்கும்போது பெரிதாக எழுதியிருக்கும் அங்குலத்தை நம்பி நான் ஒரு தடவை ஏமாந்தேன். 28 என்று போட்டிருந்தது, வாங்கி வந்தேன், ரிம்மில் ஏறவே இல்லை. 28 அங்குலம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் உண்டு. டயரின் பக்கத்தில் சின்னதாக அச்சிட்டிருக்கும் மூன்று இலக்க எண்தான் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், மில்லிமீட்டரில். பழைய கம்பி பிரேக் வண்டிகளின் 28 × 1 1/2 டயருக்கு அது 635. அதே 28 என்று விற்கும் 700சி டயருக்கு 622. 27 அங்குலத்துக்கு 630. 26 × 1 3/8 டயருக்கு 590, ஆனால் மலைச் சைக்கிளின் 26 அங்குலத்துக்கு 559. பழைய டயரைத் தூக்கி எறிவதற்கு முன் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டயருக்குள் போகும் முன் ரிம்மின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். நிப்பிள் முனைகளை மூடும் ரிம் நாடா மட்கியிருந்தால் புது டியூப் ஒரே வாரத்தில் பஞ்சர். வண்டியில் பழைய மாதிரி வால்வு இருந்து, இரவில் அடித்த காற்று காலையில் பாதியாக இருந்தால், டியூபைக் கழற்றும் முன் வால் டியூபை மாற்றுங்கள். அந்தச் சின்ன ரப்பர் மட்கியிருப்பதுதான் பல நேரம் காரணம். பஞ்சர் ஒட்டும்போது சொல்யூஷனைத் தடவியதும் ஒட்டக்கூடாது. தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அப்புறம் அழுத்துங்கள். ஒட்டு விட்டுப்போவதற்கு அவசரம்தான் முக்கால்வாசி காரணம்.

செயினுக்கு ஓர் அளவுகோல் போதும். ஓர் ஆணியின் நடுவில் தொடங்கி 12 அங்குலத்தில் இன்னோர் ஆணியின் நடு சரியாக வர வேண்டும். 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றும் நேரம். 1/8 தாண்டிவிட்டால் பல்சக்கரத்தின் பற்களும் தேய்ந்திருக்கும். புதுச் செயின் அதில் ஒழுங்காக உட்காராது. மலிவான செயினைக் காலத்தில் மாற்றினால் விலை கூடிய பல்சக்கரம் தப்பிக்கும். செயின் பூட்டின் கிளிப்பை மாட்டும்போது மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கட்டும், பிளவுபட்ட முனை பின்னால் இருக்கட்டும். தொய்வு மேலும் கீழுமாக அரை அங்குலம் இருந்தால் போதும்.

பிரேக்கைப் பற்றி ஒரே பிடிவாதம் எனக்கு: ரிம்மில் அழுத்தும் ரப்பர் கட்டை இறுகிக் கல்லாகிவிட்டால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவேன். கேபிள் வண்டியில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் உள்கம்பி புதிது. இரும்பு ரிம் நனைந்தால் கட்டை வழுக்கும், நிற்கும் தூரம் நன்றாகவே கூடும். மழையில் பழைய வண்டி ஓட்டுகிறவர்கள் இதை மனதில் வைத்து முன்கூட்டியே பிடிக்க வேண்டும். புதுக் கட்டை போட்டாலும் இது முழுசாகத் தீராது.

துருவுக்கு வருகிறேன். குரோம் பூசிய ரிம், ஹேண்டில்பாருக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே மேல்துரு போய்விடும். உப்புத்தாள் போட்டால் குரோமே கீறும். சின்னச் சின்ன இரும்புப் பாகங்களை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, சோடா உப்புக் கரைசலில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் தடவுங்கள். அலசிவிட்டு அப்படியே வைத்தால் கண்ணெதிரே மறுபடி துருப்பிடிக்கும். பெயின்ட் விஷயத்தில் என் எண்ணம் இப்போது மாறிவிட்டது. பழைய பெயின்ட்டும் அதன் மேல் இருக்கும் தங்கக் கோடுகளும் பாதியாவது மிச்சம் இருந்தால் உரிக்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, துரு தெரியும் இடத்தை மட்டும் சுத்தம் செய்து தொட்டுப் பூசி, மேலே மெழுகு தேயுங்கள். பெரியப்பா வண்டியை நான் முழுக்க உரித்துப் புதுக் கறுப்பு அடித்தேன். அவர் காலால் தேய்ந்த தடம் பாரில் இருந்தது, அதுவும் சேர்ந்து போய்விட்டது. இன்றைக்கும் அது எனக்கு வருத்தம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்பதையும் மறக்க வேண்டாம். காய்ந்த நிலையில் தேய்க்காமல் தண்ணீர் போட்டுத் தேய்த்து, முகமூடி கட்டி, குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்.

ஓட ஆரம்பித்த வண்டிக்கு அதிகம் தேவைப்படுவதில்லை. வாரம் ஒரு தடவை காற்று. செயினைத் துணியால் துடைத்து, ஒவ்வோர் உருளையிலும் ஒரு சொட்டு எண்ணெய், அப்புறம் மேலே வழிவதைத் துடைத்துவிட வேண்டும். ஈரமாக விட்டால் மண் ஒட்டி உப்புத்தாள் மாதிரி அறுக்கும். சமையல் எண்ணெய் வேண்டாம், காய்ந்து பிசினாகிவிடும். வேகமாகப் பீச்சும் தண்ணீரை ஆக்ஸில் பக்கம் காட்டாதீர்கள். வருஷம் ஒரு தடவை சக்கரத்தைத் திறந்து கிரீஸ் மாற்றினால் கோன் பல வருஷம் உழைக்கும். சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் சீட்டுக் குழாயையும் வருஷத்துக்கு ஒரு தடவை உருவி, கிரீஸ் தடவி, அதே உயரத்தில் மாட்டுங்கள். இதை நிறையப் பேர் செய்வதில்லை, அதனால்தான் அது உள்ளேயே பிடித்துக்கொள்கிறது.

இப்போது என்னிடம் இருக்கும் ஆறாவது வண்டியிலும் அதுதான் பிரச்சினை. சீட்டுக் குழாய் அசையவில்லை. ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்தி, கிராங்க் ஆக்ஸிலை எடுத்த ஓட்டை வழியாக எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்; அது இறங்கிப் பிடித்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இன்றோடு நான்காவது நாள். காலையில் பழைய சீட்டை மறுபடி மாட்டி, அதையே பிடியாக வைத்து லேசாகத் திருகிப் பார்த்தேன். கொஞ்சம் கிறீச்சென்றது. இன்னும் சில சொட்டு விட்டு வைத்திருக்கிறேன், நாளைக்குப் பார்க்கலாம்.